குற்றவாளிக்குப் பூட்டா, குடிமக்களுக்குப் பூட்டா? இந்தியாவில் தொடர்புக் கருவிகள் மீதான கட்டுப்பாட்டு வரலாறு (1885–2025)

முன்னுரை

குற்றம் செய்பவரும் பயன்படுத்தக்கூடும் என்ற காரணத்துக்காக, எல்லாரும் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கருவியை அரசு தடுக்கலாமா? செல்போன், இணையம், செய்திச் செயலி என்று புதிய சாதனம் ஒவ்வொன்றும் வரும்போது இந்தக் கேள்வி புதிதாகப் பிறந்ததுபோல் விவாதிக்கப்படுகிறது. உண்மையில் இந்தியாவில் இதற்கு 140 ஆண்டு வரலாறு உண்டு. தந்திக் கம்பியிலும், வானொலிப் பெட்டியிலும், செயற்கைக்கோள் தொலைபேசியிலும் இதே கேள்வி எழுந்தது. அரசு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே விடையைத்தான் சொன்னது.

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்திலிருந்து 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரையிலும், அதை அடுத்துவந்த ஓரிரு ஆண்டுகளிலும் இந்தக் கட்டுப்பாடு வளர்ந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இதன் வாதம் மூன்று கூறுகள் கொண்டது. ஒன்று, கருவியைத் தடுக்கும் விதிகள் பெரும்பாலும் பதற்றமான ஒரு வேளையில் பிறந்து, அந்தப் பதற்றம் தணிந்த பிறகும் நிலைத்துவிட்டன. இரண்டு, அவற்றின் சுமை மாற்றுவழி தேடத் தெரிந்த குற்றவாளிமேல் விழுந்ததைவிட, மாற்றுவழி இல்லாத எளியவர்மேல் அதிகம் விழுந்தது. மூன்று, பலன் தந்த கட்டுப்பாடுகளும் உண்டு. அவை எப்படிப்பட்டவை என்பதைப் பிரித்தறியாமல் இந்த விவாதம் முன்னே நகராது.

1. தந்தியும் துப்பாக்கியும்: அனுமதி ஆட்சியின் தொடக்கம்

1857 கிளர்ச்சியின்போது தந்தி தங்களுக்கு எவ்வளவு உதவியது என்பதை ஆங்கிலேய ஆட்சியாளர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். விரைவான செய்தி என்பது படைபலம். அது எதிரியின் கைக்கும் போகலாம். இந்த அச்சம் அடுத்த முப்பது ஆண்டுகளின் சட்டங்களில் தெரிகிறது. 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கு அந்தத் தேவை இல்லை. யார் நம்பத்தக்கவர் என்பதை நடத்தையைப் பார்க்காமல் பிறப்பைப் பார்த்துத் தீர்மானித்த சட்டம் அது. அதை நீக்கவேண்டும் என்பது தேசிய இயக்கத்தின் தொடக்ககாலக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது.

ஏழாண்டு கழித்து, 1885இல், இந்தியத் தந்திச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 4ஆம் பிரிவு தந்தியை நிறுவவும் நடத்தவும் அரசுக்கே தனியுரிமை தந்தது. மற்றவர்கள் உரிமம் பெற்றுத்தான் அதைச் செய்யமுடியும். 5ஆம் பிரிவு, பொது அவசரநிலையிலோ பொதுப் பாதுகாப்பை முன்னிட்டோ செய்திகளை நிறுத்தவும் இடைமறிக்கவும் அதிகாரம் அளித்தது. இவ்விரண்டு பிரிவுகளும் பின்னாளில் தொலைபேசிக்கும், செல்போனுக்கும், இணையத்துக்கும் நீண்டன. நாடு விடுதலை பெற்று அரசியலமைப்பு வந்தபின்னும் அடிப்படை அணுகுமுறை மாறவில்லை: தொடர்புகொள்வது அரசு வழங்கும் சலுகை, அனுமதி கேட்பது குடிமக்களின் கடமை.

இடைமறிக்கும் அதிகாரத்துக்குக் குறைந்தபட்ச நடைமுறை வேலி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 111 ஆண்டுகள் ஆயின. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பே உள்துறைச் செயலாளர் நிலையில் ஆணை, கால வரம்பு, மறுஆய்வுக் குழு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது.

2. வானொலி: வருவாய்க்காகப் பிறந்த விதி

வானொலியின் வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கப்பட்டு, அதே ஆண்டில் ஒலிபரப்பும் ஆரம்பமானது. பணமுடையால் 1927இல் கிளப் மூடப்பட்டது. அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சிக்குப் போய், 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. ஆர்வலர்கள் கூடித் தாங்களாகவே ஒரு தொழில்நுட்பத்தை ஊருக்குக் கொண்டுவந்த காலம் அது.

இந்தச் சூழல் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தோடு இறுகியது. இந்தச் சட்டம் பிறந்த காரணம் கவனிக்கத்தக்கது. 1885 சட்டம் தந்தியை நிறுவுவதையும் நடத்துவதையும்தான் கட்டுப்படுத்தியது. ஒரு கருவியை வெறுமனே வீட்டில் வைத்திருப்பதை அது குற்றமாக்கவில்லை. இதனால் பலர் உரிமக் கட்டணம் கட்டாமல் வானொலி கேட்டார்கள். அந்த வருவாய் இழப்பை அடைக்கவே, உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்று புதிய சட்டம் சொன்னது. கட்டண வசூலுக்காக வந்த இந்தப் பிரிவு, போர் மூண்டதும் பாதுகாப்புக்கான ஆயுதமாக மாறிவிட்டது. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த அதிகாரம் வேறொரு நோக்கத்துக்குத் திரும்புவதற்கு இதைவிடத் தெளிவான முன்னுதாரணம் தேவையில்லை.

1939இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் அமெச்சூர் வானொலியாளர்களின் உரிமங்கள் ரத்தாயின. ஒலிபரப்புக் கருவிகளை அவர்கள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இந்தத் தடை உண்மையில் யாரைத் தடுத்தது? 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறி, தலைவர்கள் சிறைக்குப் போனபின், பம்பாயில் காங்கிரஸ் ரேடியோ என்ற இரகசிய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. அதை நடத்தியவர்களுள் முதன்மையானவர் 22 வயது உஷா மேத்தா. ராம் மனோகர் லோகியா அதற்குத் துணைநின்றார். பிடிபடாமலிருக்க ஒலிபரப்பு இடத்தை அவர்கள் அடிக்கடி மாற்றினார்கள். சுமார் மூன்று மாதம் கழித்து, நவம்பர் 12 அன்று, காவல்துறை அவர்களைப் பிடித்தது. உஷா மேத்தாவுக்கு நான்காண்டுச் சிறை. 1998இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கியது.

இந்நிகழ்ச்சியிலிருந்து ஆய்வாளர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. உறுதியோடு இறங்கியவர்களைத் தடை நிறுத்தவில்லை. பொழுதுபோக்காக வானொலி கற்ற சாதாரண ஆர்வலரையே அது முடக்கியது. அடுத்தது, குற்றவாளி யார் என்பதை வரையறுப்பதும் கருவியைத் தடுப்பதும் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கை எந்த நேரமும் நேர்மையாக இருக்கும் என்று நம்புவதற்கு வரலாறு இடம் தரவில்லை. அன்றைய சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகத் தெரிந்தவர்தான் பின்னர் நாட்டின் உயர்ந்த விருதைப் பெற்றார்.

3. விடுதலைக்குப் பின்: உரிமப் புத்தகமும் மூடிய அலைவரிசையும்

விடுதலை பெற்ற இந்தியாவில் வீட்டு வானொலிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பித்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1980களில்தான் அந்த உரிமங்கள் படிப்படியாக ரத்தாயின. கேட்பதற்கே அனுமதி வேண்டும் என்ற விதி, விதித்தவர்கள் போய் நாற்பது ஆண்டுகள் ஆகும்வரை இருந்தது.

ஒலிபரப்பில் இறுக்கம் இன்னும் நீண்டது. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் வளாகச் சமுதாய வானொலிக்கு வழி திறக்க ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் ஆயின. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். அந்த வரிசையில் முதலாவது. பாதுகாப்புக் காரணமாகத் தனியார் பண்பலைகளும் சமுதாய வானொலிகளும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இன்றும் அனுமதி இல்லை.

இந்த இறுக்கத்தின் விலையை 2004 டிசம்பரில் அந்தமான் காட்டியது. எல்லையோரத் தீவுகள் என்பதால் அங்கே அமெச்சூர் வானொலி நீண்டகாலம் ஒலிக்கவே இல்லை. ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, பல முயற்சிகளுக்குப் பின் அனுமதி பெற்று அந்த மாதத் தொடக்கத்தில்தான் போர்ட் பிளேயரில் கருவிகளை நிறுவியிருந்தது. டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, தீவுகளின் நிலைமையை வெளியுலகுக்குச் சொல்லவும், உறவினரைத் தேடிய குடும்பங்களுக்குச் செய்தி சேர்க்கவும் அந்தக் குழுவின் கருவிகள் உதவின. அனுமதி ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால் அந்த உதவி கிடைத்திருக்காது. ஒரு தடை எத்தனை குற்றங்களைத் தடுத்தது என்று அரசுகள் பேசுகின்றன. எத்தனை உதவிகளைத் தடுத்தது என்ற கணக்கை எந்தக் கோப்பும் வைத்திருப்பதில்லை.

காஷ்மீர் இதன் இன்னொரு பக்கம். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. ஜம்மு காஷ்மீரில் செல்போன் சேவை வந்தது 2003 ஆகஸ்டில். தீவிரவாதிகள் பயன்படுத்துவார்கள் என்பதே காரணம். அந்த எட்டு ஆண்டுகளில் தாக்குதல்கள் ஓயவில்லை. 2001 அக்டோபரில் ஸ்ரீநகர் சட்டப்பேரவை வளாகத்தின் வாசலிலேயே குண்டு வெடித்தது. 2009 நவம்பரில் அங்கே முன்கட்டண சிம் அட்டைகள் மொத்தமாகத் தடைசெய்யப்பட்டு, மக்களின் எதிர்ப்புக்குப் பின் 2010 ஜனவரியில் தடை விலக்கப்பட்டது. மாதக் கட்டண இணைப்பு வாங்க வசதியுள்ளவருக்கு அந்தத் தடையால் பெரிய இடர் இல்லை. கூலித் தொழிலாளிக்குத்தான் தொலைபேசியே இல்லாமல் போனது.

4. மும்பைத் தாக்குதலிலிருந்து ஒக்கி வரை

2008 நவம்பர் 26 அன்று மும்பையைத் தாக்கியவர்கள் கடல்வழி வந்தார்கள். அவர்கள் கைப்பற்றிய குபேர் என்ற மீன்பிடிப் படகில் செயற்கைக்கோள் தொலைபேசியும் ஜி.பி.எஸ். கருவியும் கிடைத்தன. நகருக்குள் வந்தபின் இந்திய சிம் அட்டைகள் வழியாக, இணையவழி அழைப்பில், பாகிஸ்தானிலிருந்து இயக்கியவர்களோடு பேசினார்கள். அந்த அழைப்புகளைக் காவல்துறை இடைமறித்துப் பதிவுசெய்தது. அந்தப் பதிவுகள் பின்னர் வழக்கில் முக்கியச் சான்றாயின. குற்றத்துக்கு உதவிய அதே கருவி குற்றத்தை நிரூபிக்கவும் உதவியது என்பது அதன்பின் நடந்த விவாதத்தில் போதிய இடம் பெறவில்லை.

தாக்குதலுக்குப் பிறகு செயற்கைக்கோள் தொலைபேசி மீதான பிடி மேலும் இறுகியது. துரையா, இரிடியம் வகைக் கருவிகளுக்குத் தடை. பிற கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி கட்டாயம். மலையேறவும் படகோட்டவும் வந்த வெளிநாட்டுப் பயணிகள், அவசர உதவிக்கான சிறு செயற்கைக்கோள் கருவியை வைத்திருந்ததற்காக அண்மைக்காலம் வரை விமான நிலையங்களில் பிடிக்கப்பட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள்.

இந்த விதியைக் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து பார்க்கவேண்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் தூண்டில் மீன்பிடிப்பில் பெயர்பெற்றவர்கள். ஒரு பயணத்தில் வாரக்கணக்கில், கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தொலைவில் தங்குகிறார்கள். படகில் உள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ் செட் சில பத்துக் கடல் மைலுக்கு மேல் எட்டாது. செல்போன் கரையோரத்தோடு நின்றுவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் சில மணி நேரங்களுக்குள் உருத்திரண்டபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேர வழியில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள்.

அந்தப் பேரிழப்புக்குச் செயற்கைக்கோள் தொலைபேசி விதி ஒன்றே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. வானிலை எச்சரிக்கை வந்த நேரம், மீட்புப் பணியின் வேகம், கருவியின் விலை ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால், நடுக்கடலில் எட்டக்கூடிய ஒரே கருவியை அபாயப் பொருளாக வகைப்படுத்திய அரசு, அதற்குப் பதிலாக வேறெதையும் அந்த மீனவரின் கையில் கொடுக்கவில்லை என்பதை மறுக்கமுடியாது. புயலுக்குப் பின்பே நிலைமை மாறத் தொடங்கியது. இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டு அமைப்பான நாவிக்கின் கருவிகளும் உரிமம் பெற்ற செயற்கைக்கோள் தொலைபேசிகளும் அரசு உதவியோடு மீனவரிடம் வரத் தொடங்கின. 2024 ஆகஸ்டில், ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழிச் செய்திக் கருவி பொருத்தும் தேசியத் திட்டம் சுமார் 360 கோடி ரூபாய்ச் செலவில் தொடங்கப்பட்டது. பாதுகாப்பையும் உயிர்க்காப்பையும் ஒன்றாக இணைக்க முடியும் என்பதற்கு இத்திட்டமே சான்று. அதை 2009இலேயே செய்திருக்கலாம்.

5. மறையாக்கம்: பலவீனத்தைச் சட்டமாக்கிய காலம்

செய்தியை அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி மாற்றுவது மறையாக்கம். அதன் வலிமையைத் திறவுகோலின் நீளம் தீர்மானிக்கிறது. ஒரு பிட் கூடினால் முயன்று பார்க்கவேண்டிய சாத்தியங்கள் இரட்டிப்பாகும். 1990களின் இறுதியில் இந்தியாவில் இணையச் சேவை நிறுவனங்களுக்கு வழங்கிய உரிமத்தில், 40 பிட்டுக்கு மேற்பட்ட மறையாக்கத்தை அனுமதி இல்லாமல் பயன்படுத்தக்கூடாது என்றும், மீறிப் பயன்படுத்த வேண்டுமானால் திறவுகோலை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் நிபந்தனை இருந்தது.

40 பிட் எவ்வளவு பலவீனமானது என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. 1997 ஜனவரியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் இயான் கோல்ட்பர்க், பல்கலைக்கழகக் கணினிகளை ஒன்றிணைத்து, அத்தகைய திறவுகோல் ஒன்றை மூன்றரை மணி நேரத்தில் உடைத்துக் காட்டியிருந்தார். 2001இல் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட இணைய வங்கி வழிகாட்டுதல், குறைந்தது 128 பிட் மறையாக்கம் வேண்டும் என்றது. அரசின் ஒரு துறை ஆபத்து என்று வரம்பிட்டதை இன்னொரு துறை அடிப்படைப் பாதுகாப்பு என்று கட்டாயமாக்கியது. நடைமுறையில் வங்கிகளின் தேவையே வென்றது. 40 பிட் விதி ஏட்டளவில் நின்றது. எல்லாரும் மீறவேண்டியிருக்கும் விதி குற்றத்தைத் தடுப்பதில்லை. பிடிக்காதவர்மேல் எப்போது வேண்டுமானாலும் பாய உதவும்.

பிளாக்பெரியின் மறையாக்கச் செய்திகளைப் படிக்க வழிகேட்டு 2010இல் அந்நிறுவனத்துடன் அரசு நடத்திய இழுபறியும், 2015 செப்டம்பரில் வெளியான தேசிய மறையாக்கக் கொள்கை வரைவும் இதன் தொடர்ச்சி. மறையாக்கம் செய்த செய்திகளின் மூலத்தைக் குடிமக்கள் 90 நாள் வைத்திருந்து, கேட்டால் காட்டவேண்டும் என்றது அந்த வரைவு. கடும் எதிர்ப்பு எழுந்து, வெளியான ஓரிரு நாளில் அன்றைய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அதைத் திரும்பப்பெற்றார்.

அரசுக்கு மட்டும் ஒரு பின்கதவு வைக்கலாம் என்ற யோசனையை மற்ற நாடுகளும் முயன்று பார்த்திருக்கின்றன. 1993இல் அமெரிக்கா முன்வைத்த கிளிப்பர் சில்லு அப்படிப்பட்டது. அடுத்த ஆண்டே மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் அதில் குறை கண்டுபிடிக்க, சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. கிரேக்கத்தில் 2004–05 காலத்தில், தொலைபேசி நிலையங்களில் சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்காக இருந்த வசதியை அடையாளம் தெரியாதவர்கள் கைப்பற்றி, பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் பேச்சைக் கேட்டார்கள். 2024இல் சீனாவோடு தொடர்புபடுத்தப்படும் ஊடுருவிகள் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்து, நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்பதற்கான கட்டமைப்பு வரை எட்டினார்கள். அதன்பின் மறையாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்துமாறு அந்நாட்டு அதிகாரிகளே மக்களுக்கு அறிவுரை கூறினார்கள். நல்லவருக்கு மட்டும் திறக்கும் கதவை இதுவரை எந்தப் பொறியாளரும் செய்துகாட்டவில்லை.

6. வாட்ஸ்அப் காலம்: இரண்டு வழிகள்

2018இல் குழந்தை கடத்துவோர் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, இந்தியாவின் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவரை ஒரு கூட்டம் அப்படிக் கொன்றது. தொழில்நுட்பத்தால் தீங்கே வராது என்று வாதிடுபவர்கள் இந்தச் சாவுகளை நேராகப் பார்க்கவேண்டும்.

இதற்கு இரண்டு விதமாக விடை தேடப்பட்டது. முதலாவது, பயன்பாட்டின் வடிவத்தை மாற்றுவது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பிட்டது. பின்னர் அது உலகெங்கும் விரிந்தது. முன்னனுப்புதல் சுமார் 25 விழுக்காடு குறைந்ததாக நிறுவனம் தெரிவித்தது. 2020 ஏப்ரலில், பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திகளை ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று வரம்பு மேலும் குறைந்தபோது, அத்தகைய செய்திகள் சுமார் 70 விழுக்காடு குறைந்தன. யாருடைய கடிதமும் பிரிக்கப்படவில்லை. வதந்தியின் வேகம் மட்டும் குறைந்தது.

இரண்டாவது விடை, முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டறியும் வசதியைக் கட்டாயமாக்குவது. இதன் வேர் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரி 2018இல் தொடுக்கப்பட்ட வழக்குகள், மெல்ல மெல்லச் செய்தியின் மூலத்தைத் தேடும் விவாதமாக மாறின. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி, மறையாக்கத்தை முழுதும் உடைக்காமலே மூலத்தைக் கண்டறியலாம் என்று 2019இல் ஒரு வழிமுறையை முன்வைத்தார். பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்து, மூலத்தைப் போலியாகக் காட்டமுடியும் என்பதைச் சுட்டினார். 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் பெரிய செய்திச் செயலிகளுக்கு இந்தக் கண்டறிதலைக் கட்டாயமாக்கின. அதை எதிர்த்து வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒருவர் எங்கிருந்தோ வந்ததை நகலெடுத்து அனுப்பினால் அவரே மூலமாகத் தெரிவார். வதந்தியைத் தொடங்கியவன் வெளிநாட்டு எண்ணில் ஒளிந்திருக்க, ஊரில் அதை நம்பி அனுப்பியவர் காவல் நிலையத்தில் நிற்பார்.

எல்லாவற்றையும்விடக் கடுமையான வழி இணையத்தையே துண்டிப்பது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டித்த தொடர்புகளில் 4ஜி சேவை திரும்பியது 2021 பிப்ரவரியில். காலவரம்பில்லாத துண்டிப்பு செல்லாது, ஆணைகளை வெளியிடவேண்டும், நடவடிக்கை தேவைக்கு ஏற்ற அளவில் இருக்கவேண்டும் என்று, அந்தத் துண்டிப்பை எதிர்த்துப் பத்திரிகையாளர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. ஆனாலும் துண்டிப்புகள் நிற்கவில்லை.

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய இரு சட்டங்களுக்கும் மாற்றாக இயற்றப்பட்டது. வானலைக் கருவியை வைத்திருக்கவே அங்கீகாரம் வேண்டும் என்ற 1933இன் கொள்கை அதிலும் தொடர்கிறது. 2025 நவம்பர் இறுதியில், இணைய மோசடியைத் தடுக்க, எல்லாப் புதிய செல்போன்களிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே பதிக்கவேண்டும் என்ற ஆணை வந்து, எதிர்ப்புக்குப் பின் டிசம்பர் 3 அன்று கைவிடப்பட்டது. மோசடி உண்மையானது, முதியோரின் வாழ்நாள் சேமிப்பை ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பறிக்கும் கும்பல்களைப் பற்றிப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் எச்சரித்தார். ஆனால் கும்பலைத் தேடும் வேலை, எல்லார் கையிலும் ஒரு கண்காணிப்பை வைக்கும் வேலையாக மாறக்கூடாது.

7. ஒப்பீடு: யாழ்ப்பாணத்தின் மின்கலமும் அமிலப் புட்டியும்

கருவித் தடையின் உச்சத்தை அறிய இலங்கையின் வடக்கைப் பார்க்கவேண்டும். 1990 முதல் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு எரிபொருள், உரம், சீமெந்து, உலர்மின்கலம் முதலிய பொருட்கள் போவதை அரசாங்கம் தடுத்தது. ஒவ்வொன்றுக்கும் இராணுவப் பயன்பாடு உண்டு என்பது காரணம். மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். புலிகளுக்கோ கடல்வழி இருந்தது. 2002இன் தொடக்கத்தில் சமாதான முயற்சியோடு தடை தளரும்வரை போர் நிற்கவில்லை. அடுக்களையிலும் வகுப்பறையிலும் வயலிலும் இருந்தவர்களே அந்தப் பன்னிரண்டு ஆண்டுச் சுமையைத் தாங்கினார்கள்.

மறுபக்கத்தில், நியாயமான கட்டுப்பாடுகளும் உண்டு. அமில வீச்சில் உயிர்தப்பிய பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அமிலம் விற்கும் கடை பதிவேடு வைக்கவேண்டும், வாங்குபவர் அடையாளமும் காரணமும் காட்டவேண்டும், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கக்கூடாது என்றது. அமோனியம் நைட்ரேட்டின் சேமிப்பும் போக்குவரத்தும் 2012 விதிகளின்கீழ் வந்தன. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் அதே பொருள் வெடித்தபோது, சென்னை மணலிக் கிடங்கில் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 697 டன் அமோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் கிடந்தது தெரியவந்து, அவசரமாக அப்புறப்படுத்தப்பட்டது. விதியின் தேவையையும், விதியை நடைமுறைப்படுத்துவதில் அரசின் மெத்தனத்தையும் அந்த நிகழ்ச்சி ஒருங்கே காட்டியது.

இவற்றுக்கும் வானொலிக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. கழிவறை சுத்தம்செய்ய அமிலத்துக்கு மாற்று உண்டு. அதை அடையாளம் காட்டி வாங்குவதால் யாருடைய வாழ்க்கையும் நின்றுபோவதில்லை. பொருளே நேரடியாக மேனியைச் சிதைக்கிறது. தொடர்புக் கருவியில் தீங்கு கருவியிலிருந்து வருவதில்லை, அதன் வழியே பேசும் மனிதரிடமிருந்து வருகிறது. அதைப் பறித்தால் மீனவருக்கும் நோயாளிக்கும் மாணவருக்கும் மாற்று இல்லை.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஐந்து அளவுகோல்கள் கிடைக்கின்றன. பொருள் தானாகவே பெருந்தீங்கு செய்யக்கூடியதா? அதற்கு எளிய மாற்று இருக்கிறதா, இல்லாவிட்டால் அரசு முதலில் மாற்றைத் தருகிறதா? தடை உறுதியான குற்றவாளியை உண்மையில் எட்டுகிறதா? அதன் சுமை யார்மேல் விழுகிறது? அதற்குக் கால வரம்பும், வெளிப்படையான ஆணையும், சுதந்திரமான மறுஆய்வும் உண்டா? அமிலமும் வெடியுரமும் முதல் நான்கு கேள்விகளையும் பெரும்பாலும் தாண்டுகின்றன. 40 பிட் வரம்பும், முன்கட்டண சிம் தடையும், மாதக்கணக்கான இணையத் துண்டிப்பும் ஒன்றைக்கூடத் தாண்டவில்லை.

குற்றவாளியைத் தேடிப்பிடிப்பது உழைப்பும் திறமையும் கேட்கும் வேலை. கருவியைத் தடைசெய்வது ஒரு அரசாணையோடு முடிகிற வேலை. எளிய வழி என்பதாலேயே அரசுகள் அதை மீண்டும் மீண்டும் தேர்ந்திருக்கின்றன. மும்பை வழக்கில் குற்றத்தை நிரூபிக்க உதவியது பதிவுசெய்த அழைப்புகள். வாட்ஸ்அப் வதந்தியின் வேகத்தைத் தணித்தது முன்னனுப்பும் வரம்பு. இரண்டிலும் கருவி மக்கள் கையிலேயே இருந்தது.

ஆகவே இந்த ஆய்வின் முடிவு இது: குற்றச்செயலைத் தண்டிக்கும் சட்டம் கடுமையாக இருக்கட்டும், நீதிமன்ற மேற்பார்வையோடு குறிப்பிட்ட நபரைக் கண்காணிக்கும் அதிகாரம் காவல்துறைக்கு இருக்கட்டும், சைபர் குற்றப் பிரிவுகளுக்கு ஆளும் பயிற்சியும் கிடைக்கட்டும். பொதுமக்களின் தொடர்புக் கருவியைத் தடுக்கும் விதி எதுவானாலும், காலாவதித் தேதி இல்லாமலும் மாற்று ஏற்பாடு இல்லாமலும் வரக்கூடாது. 2023 சட்டத்தின்கீழ் விதிகள் எழுதப்படும் இந்தக் காலத்தில், நாடாளுமன்றம் இந்த இரண்டு நிபந்தனைகளையும் சட்டத்திலேயே சேர்க்கவேண்டும்.